வானத்துக்குப் பட்டா யார் பேர்ல?

இன்னைக்கு எடுத்திருக்கிற விஷயம் தொலைத்தொடர்புச் சட்டம். உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க. நான் வக்கீல் கிடையாது, இன்ஜினியரிங் படிச்சிட்டு கோட் எழுதிச் சம்பளம் வாங்குறவன். அதனால பிரிவு நம்பரா அடுக்கிக் கொல்ல மாட்டேன். ஒரே ஒரு நம்பரை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: பிரிவு 4. கதை அதுலதான் ஆரம்பிக்குது.

எனக்குச் சொந்த ஊர் ஊட்டியில காந்தல். குருசடி கோயில், முக்கோணம்னு சொன்னா ஊட்டிக்காரங்களுக்கு டக்குனு புரியும். அங்கேயிருந்து சில கிலோமீட்டர் தள்ளி முத்தோரை. கேரட் தோட்டங்களுக்கு மேல ஒரு மலைச்சரிவு, அந்தச் சரிவோட ஒட்டி வடக்கு தெற்கா நீட்டிப் படுத்திருக்கிற ஒரு பிரம்மாண்டமான இரும்புச் சட்டம். அதுதான் ஊட்டி ரேடியோ டெலஸ்கோப். நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி, 1970-ல் வேலை செய்ய ஆரம்பித்தது. 24 பரவளையச் சட்டங்கள், அதுக்கு மேல முழு நீளத்துக்கும் ஓடுற 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். ஊட்டி இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி அட்சரேகையில். அதே 11 டிகிரி சாய்வுள்ள ஒரு சரிவைத் தேடிப் பிடித்து அதன் மேல் கட்டியதால், டெலஸ்கோப்போட நீள அச்சு பூமி சுற்றுற அச்சுக்கு இணையா நிக்குது. ஒரே அச்சில் உருட்டினாலே ஒரு நட்சத்திர மூலத்தை மணிக்கணக்கா பின்தொடரலாம். மலையையே மெஷினோட ஒரு பாகமா ஆக்கிட்டாங்க. இன்ஜினியரா எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பொறாமையா இருக்கும்.

சரி, சட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இந்த டெலஸ்கோப் எதையும் அனுப்பாது. கேட்கும், அவ்வளவுதான். அது கேட்கிற அலைவரிசை 326.5 மெகாஹெர்ட்ஸ். கோடிக்கணக்கான வருஷம் பயணம் பண்ணி வர்ற சிக்னல் எவ்வளவு பலவீனமா இருக்கும்னு யோசிங்க. பக்கத்துல யாராவது அதே அலைவரிசையில ஒரு சாதாரண வயர்லெஸ் செட்டை ஆன் பண்ணினால் போதும், கதை முடிஞ்சது. அதனால சர்வதேச ரேடியோ விதிமுறைகளில் 322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ரேடியோ வானியலுக்கும் பங்கு ஒதுக்கியிருக்காங்க. அதுக்கு ஒரு அடிக்குறிப்பு உண்டு: வானியலாளர்களுக்கு இடைஞ்சல் வராமல் முடிந்த எல்லா நடவடிக்கையும் எடுங்கள் என்று உலக நாடுகளைக் கேட்டுக்கொள்கிற குறிப்பு.

ஆக, காந்தலுக்கு மேல இருக்கிற வானத்துலயும் வரப்பு உண்டு. இந்தப் பக்கம் வானியல், அந்தப் பக்கம் விமானம், போலீஸ் வயர்லெஸ், எஃப்எம், செல்போன். கண்ணுக்குத் தெரியாத வரப்பு, கண்ணுக்குத் தெரியாத நிலம். நிலம்னா பட்டா இருக்கணும்ல? அந்தப் பட்டா யார் பேர்ல இருக்கு?

இதுக்கு ரொம்ப நாளா இருந்த பதில்: சர்க்கார் பேர்ல.

இந்தியாவில் பெரிய அளவில் தந்திக் கம்பி இழுக்கும் வேலை 1853 நவம்பரில் தொடங்கியது. கல்கத்தாவிலிருந்து பெஷாவர், ஆக்ரா, பம்பாய், மெட்ராஸ். அந்த முதல் பட்டியலிலேயே பெங்களூரும் உதகமண்டலமும் இருந்தன. மெட்ராஸ் வெயில் தாங்காம துரைமார் மலையேறி வந்துடுவாங்க, அவங்களோட அதிகாரமும் கூடவே ஏறணும் இல்லையா? நாலே வருஷத்தில் 1857 கிளர்ச்சி. கம்பி யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குச் செய்தி முதலில் போகும் என்பதைக் கம்பெனி நேரடியாகப் பார்த்தது. அந்தப் பாடம் கடைசியில் வந்து உட்கார்ந்த இடம்தான் 1885-ம் வருட இந்தியத் தந்திச் சட்டம். அக்டோபர் 1-ம் தேதி அமலுக்கு வந்தது.

அதில் நம்ம பிரிவு 4 என்ன சொல்லுதுன்னா: தந்தி அமைக்க, பராமரிக்க, நடத்த பிரத்தியேக உரிமை அரசுக்கு மட்டுமே. வேறு யாராவது நடத்தணும்னா அரசு லைசென்ஸ் கொடுக்கலாம், என்ன நிபந்தனை போடணும்னு அரசுக்குத் தோணுதோ அந்த நிபந்தனையோட. நம்ம ஊர் பாஷையில சொல்லணும்னா, மொத்த நிலமும் ஜமீன் பேர்ல. உழுதுக்கறதுன்னா உழுதுக்க, ஆனா குத்தகைக் கணக்கு ஜமீன் சொல்றதுதான்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கு. ரேடியோ அலை என்று ஒன்று இருப்பதை ஹெர்ட்ஸ் பரிசோதனையில் நிரூபித்ததே 1887, 1888 வாக்கில்தான். சட்டம் 1885. அதாவது நிலம் இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே பத்திரம் ரெடி. அப்புறம் தொலைபேசி, வயர்லெஸ், ரேடியோ, டிவி, பேஜர், செல்போன், இன்டர்நெட்னு எது வந்தாலும் "தந்தி"ங்கிற சொல்லுக்குள்ள போட்டு அடைச்சாங்க. தேவைப்பட்டப்போ விளக்கத்தை மட்டும் கொஞ்சம் அகலமாக்கினாங்க. ஆபீஸ்ல பழைய கோட்பேஸ்ல வேலை பார்த்தவங்களுக்கு இந்த வலி தெரியும். எவனோ எப்பவோ வச்ச ஒரு ஃபங்ஷன் பேரு. இன்னைக்கு அது செய்யுற வேலைக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனா தொட்டா மொத்தமும் விழுந்துடும்னு யாரும் தொட மாட்டாங்க. தந்தி சேவையையே 2013 ஜூலையில் மூடிட்டாங்க. தந்திச் சட்டம் அதுக்கப்புறமும் பத்து வருஷம் செல்போன் கம்பெனிகளை ஆண்டுச்சு.

இன்னொண்ணு. ரேடியோ இந்தியாவில் அரசு ஆரம்பித்த விஷயம் இல்லை. நம்ம சென்னையிலேயே 1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சேர்ந்து மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த வருஷம் ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பு. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். நம்ம வீட்டு டியூப் லைட் அளவு. ஆர்வக்கோளாறுல நடத்தின வேலைதான், ஆனா நடந்துச்சு. 1927-ல் பணமில்லாமல் மூடிவிட்டார்கள். கருவிகள் மாநகராட்சி கைக்குப் போய், 1930-ல் மாநகராட்சி ஒலிபரப்பு ஆரம்பித்தது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலி மெட்ராஸ் வந்ததும், மேடை முழுக்க அரசோடது ஆயிடுச்சு.

பேசுறதுக்கு மட்டும் இல்ல, கேட்கிறதுக்கும் லைசென்ஸ் வேணும். ரேடியோ வச்சிருக்கிற ஒவ்வொரு வீடும் போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டி, சின்னப் புத்தகத்துல முத்திரை வாங்கணும். எங்க தாத்தாவோட ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இன்னும் காந்தல் வீட்டு டிரங்குப் பெட்டியில இருக்கு. ரேடியோ என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியல, லைசென்ஸ் மட்டும் பத்திரமா இருக்கு. அந்த முறை 1980-களின் நடுவில்தான் ஒழிந்தது. மலை மேல பனியில உக்காந்து பாட்டுக் கேக்குறதுக்கும் சர்க்காருக்குக் குத்தகை.

இந்த ஜமீன் கதை உடைஞ்ச இடம் ஒரு கிரிக்கெட் மேட்ச். நிஜமாத்தான்.

1993 நவம்பர். ஹீரோ கப். வங்காள கிரிக்கெட் சங்கத்தோட வைர விழாவை ஒட்டி நடந்த டோர்னமென்ட். அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 6 ரன் தேவை, அசாருதீன் பந்தை டெண்டுல்கர் கையில் கொடுத்தார், இந்தியா ஜெயிச்சது. இறுதிப் போட்டியில் கும்ப்ளே 12 ரன் கொடுத்து 6 விக்கெட். உங்க அப்பா கிட்டக் கேட்டுப் பாருங்க, பந்து பந்தா சொல்வார். ஆனா அந்தப் படம் டிவியில வந்ததே கோர்ட் போட்ட இடைக்கால உத்தரவுகளாலதான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமான்னு சந்தேகம்.

என்ன நடந்ததுன்னா, ஒளிபரப்பு உரிமையை கிரிக்கெட் சங்கம் டிரான்ஸ் வேர்ல்ட் இன்டர்நேஷனல் என்கிற வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தூர்தர்ஷனுக்குக் கோபம். இந்திய மண்ணிலிருந்து படத்தை செயற்கைக்கோளுக்கு ஏத்தணும்னா அரசு அனுமதி வேணும், விஎஸ்என்எல் உதவி வேணும். ஏன்னா பிரிவு 4. அனுமதி இழுபறி ஆனது. வெளிநாட்டிலிருந்து வந்த கேமரா, கருவிகளைச் சுங்கத்துறை பிடித்து வைத்தது. ஒரு பக்கம் மேட்ச் நடந்துட்டிருக்கு, இன்னொரு பக்கம் வக்கீல்கள் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் ஓடிட்டிருக்காங்க. எப்படியோ மேட்ச் வந்துச்சு, கப்பும் வந்துச்சு.

வழக்கு அதோட முடிஞ்சிருக்கலாம். ஆனா நீதிபதிகள் விடலை. 1995 பிப்ரவரி 9-ம் தேதி தீர்ப்பு. பி.பி.சாவந்த், எஸ்.மோகன், பி.பி.ஜீவன் ரெட்டி ஆகிய மூன்று பேர் அமர்வு. இதில் மோகன் தமிழ்நாட்டுக்காரர், மெட்ராஸ் உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். சாவந்த் எழுதிய தீர்ப்பில் மோகனும் சேர்ந்துகொண்டார். ஜீவன் ரெட்டி தனியாக, ஆனால் இசைந்து எழுதினார்.

தீர்ப்போட சாரம் இதுதான்: காற்றலைகள் பொதுச் சொத்து. அரசாங்கச் சொத்துன்னு சொல்லலை, கவனிங்க. பொதுச் சொத்து. நம்ம கிராமத்துல புறம்போக்கு நிலம் இருக்கும்ல, கணக்கு அரசு கிட்ட இருக்கும், ஆனா மாடு மேயுறதும் ஊரு கூடுறதும் அங்கதான். கிட்டத்தட்ட அந்த நிலை. தகவல் சொல்றதும் தகவல் பெறுறதும் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தர்ற பேச்சுரிமையில அடக்கம். அது வாயால பேசினாலும் சரி, டிவியில பேசினாலும் சரி. அதனால ஒளிபரப்பில் அரசு ஏகபோகம் செல்லாது. ஆனா அலைவரிசை அளவானது, ரெண்டு பேர் ஒரே இடத்துல பேசினா ரெண்டு பேரும் கேக்காது. அதனால யார் வேணா எப்ப வேணா எடுத்துக்கலாம்ங்கிற உரிமையும் கிடையாது. ஒழுங்குபடுத்த ஒரு பொது அமைப்பு வேணும். அந்த அமைப்பு அரசோட கட்டுப்பாட்டுல இல்லாம சுயேச்சையா இருக்கணும், அதை உருவாக்குங்கன்னு மத்திய அரசுக்கு உத்தரவு.

எனக்கு இந்தத் தீர்ப்பில் ரொம்பப் பிடிச்ச இடம் ஜீவன் ரெட்டி போட்ட பிரேக். அரசு ஏகபோகம் தப்புன்னா, உடனே அதைத் தூக்கிப் பணம் இருக்கிற நாலு பேர் கையில கொடுக்கிறது சரியாகிடாது, தனியார் ஏகபோகமும் பேச்சுரிமைக்கு அதே அளவு கெடுதல்னு அவர் எச்சரிச்சார். 1995-ல், எல்லாரும் தாராளமயம், தாராளமயம்னு குதிச்சிட்டிருந்த நேரத்துல, ஒருத்தர் இதை எழுதியிருக்கார்.

அப்புறம் என்ன ஆச்சு? அந்தச் சுயேச்சையான ஒளிபரப்பு அமைப்பு இன்னைக்கு வரைக்கும் வரல. 1997-ல் ஒரு ஒளிபரப்பு மசோதா வந்து, நிறைவேறாமலே காலாவதி ஆச்சு. 2004-ல் ஒளிபரப்பில் கட்டணம், இணைப்பு மாதிரி விஷயங்களை மட்டும் டிராய் கையில் கொடுத்தார்கள். தனியார் எஃப்எம் வந்தது, 2004 பிப்ரவரி 1-ல் நம்ம அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக அண்ணா எஃப்எம் வந்தது. ஆனா ஒரு பூட்டு மட்டும் திறக்கல: செய்தி. தனியார் எஃப்எம்மோ சமுதாய வானொலியோ சொந்தமா செய்தி சேகரிச்சு வாசிக்க முடியாது. ஆகாசவாணி செய்தியை அப்படியே, மாத்தாம, எடுத்துப் போட்டுக்கலாம். பேப்பரில் எழுதலாம், டிவியில் கத்தலாம், ரேடியோவில் மட்டும் கூடாது. மலைப்பகுதியில நிலச்சரிவு வந்தா, ரோடு மூடினா, கரன்ட் போய் டவர் செத்தா, கடைசியா உயிரோட இருக்கிற கருவி பேட்டரி ரேடியோதான். குன்னூர் ரோட்டுல மரம் விழுந்து கிடந்த நாட்களை அனுபவிச்சவங்களுக்கு நான் சொல்ல வர்றது புரியும். அந்தக் கருவிக்குத்தான் இந்தத் தடை. எனக்கு இதுல எந்த நியாயமும் தெரியல.

நான் இப்போ பேசிட்டிருக்கிறது இன்டர்நெட் வழியா. என் கையில அலைவரிசை எதுவும் இல்ல, அதனால ஒலிபரப்பு லைசென்ஸும் தேவையில்ல. இதே ஸ்கிரிப்டை இதே குரல்ல ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் வச்சு காந்தல் முழுக்கக் கேக்குற மாதிரி பேசினா, குற்றம்.

இப்போ செல்போன் பக்கம் வருவோம். இங்கதான் நீலகிரிக்கு நேரடியான தொடர்பு. 1994 தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கைக்குப் பிறகு தனியார் கம்பெனிகள் வந்தன. ஆட்டத்துல ஆடுறதும் தொலைத்தொடர்புத் துறை, விசில் ஊதுறதும் அதே துறைன்னு இருந்ததால, 1997-ல் டிராய் என்கிற ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. துறைக்கும் டிராய்க்கும் நடந்த சண்டை கோர்ட் வரை போனது. 2000-ல் சட்டத்தைத் திருத்தி, வழக்கு தீர்க்கிற வேலையைப் பிரித்து டிடிசாட் என்கிற தீர்ப்பாயத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே தோத்தா நேரா உச்ச நீதிமன்றம். டெலிகாம் வக்கீல்னு ஒரு தனி ஜாதி வக்கீல்கள் டெல்லியில உருவானது இப்படித்தான். பாதி நாள் அவங்க வேலை "வருவாய்"னா என்ன, "லைசென்ஸ்"னா என்னன்னு ஒரு சொல்லை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறது.

2008 ஜனவரி 10. தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ.ராசா. புது 2ஜி லைசென்ஸுகளுக்கான சம்மதக் கடிதங்கள் டெல்லி சஞ்சார் பவனில் அன்று மதியம் விநியோகம். முதலில் வருபவருக்கு முன்னுரிமை என்று முறை. விண்ணப்பத்துக்கான கடைசித் தேதி, முதலில் சொன்ன அக்டோபர் 1-லிருந்து செப்டம்பர் 25-க்குப் பின்னோக்கி நகர்ந்திருந்தது. நாடு முழுக்கவுமான லைசென்ஸுக்கு விலை 1,658 கோடி ரூபாய், 2001-ல் போட்ட அதே விலை. அடுத்த வருஷம் 2009 தேர்தலில், தனித்தொகுதியா மாறியிருந்த நீலகிரியில் நின்று ராசா ஜெயித்தார். அப்படித்தான் நாட்டிலேயே பெரிய அலைக்கற்றைச் சண்டையில் நடுவில் இருந்தவர் எங்க ஊர் எம்.பி. ஆனார்.

2010 நவம்பரில் சிஏஜி அறிக்கை 1.76 லட்சம் கோடி ரூபாய் உத்தேச இழப்பு என்று ஒரு எண்ணைச் சொன்னது. அந்த எண்ணுல எத்தனை சைபர்னு எண்ணுறதே அப்போ டீக்கடைப் பொழுதுபோக்கு. அமைச்சர் பதவி விலகினார், 2011 பிப்ரவரி 2-ல் கைதானார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2012 பிப்ரவரி 2-ல், உச்ச நீதிமன்றத்தில் ஜி.எஸ்.சிங்வி, ஏ.கே.கங்குலி அமர்வு 122 லைசென்ஸுகளையும் ரத்து செய்தது. எந்த அடிப்படையில்? அலைக்கற்றை மக்களோட இயற்கை வளம், அரசு வெறும் அறங்காவலர், அறங்காவலர் தன் இஷ்டத்துக்கு அள்ளிக் கொடுக்க முடியாது. ஹீரோ கப் தீர்ப்பைத்தான் மேற்கோள் காட்டினாங்க. கும்ப்ளே விக்கெட் எடுத்த டோர்னமென்ட்ல பொறந்த ஒரு வாக்கியம் 17 வருஷம் கழிச்சு 122 லைசென்ஸைச் சாய்ச்சது.

பிறகு 2017 டிசம்பர் 21-ல் சிறப்பு நீதிமன்ற நீதிபதி ஓ.பி.சைனி, ராசா உட்பட எல்லாரையும் விடுதலை செய்தார். சட்டப்படி ஏற்கத்தக்க ஆதாரத்தோடு யாராவது வருவார்களா என்று ஏழு வருஷம் காத்திருந்தேன், வரவில்லை என்று எழுதினார். அடிப்படையில் வழக்கறிஞரான ராசா, தன் வழக்கில் தானே சாட்சிக் கூண்டேறிப் பேசியவர். சிபிஐயின் மேல்முறையீட்டை விசாரிக்க டெல்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஒப்புக்கொண்டது.

ஊர்ல இதைப் பத்திப் பேச்சு வந்தா ரெண்டே கட்சிதான். 2012 தீர்ப்பைச் சொல்றவங்க, 2017 தீர்ப்பைச் சொல்றவங்க. ஒண்ணு உண்மைன்னா இன்னொண்ணு பொய்னு நெனச்சுக்கறாங்க. அப்படி இல்ல. முதல் கோர்ட் கேட்ட கேள்வி, பொதுச் சொத்தைக் கொடுத்த முறை சரியா? ரெண்டாவது கோர்ட் கேட்ட கேள்வி, இந்த ஆட்கள் குற்றம் செய்ததற்கு ஆதாரம் இருக்கா? ரெண்டும் வேற வேற கேள்வி. முறை தப்பா இருக்கலாம், குற்றம் நிரூபணம் ஆகாமலும் இருக்கலாம். இதுல ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைக்கிற யார் பேச்சையும் நான் காதுல வாங்கறது இல்ல, அவங்க எந்தக் கட்சியா இருந்தாலும். 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே இன்னொரு விளக்கமும் கொடுத்தது: எல்லா இயற்கை வளத்துக்கும் ஏலம் ஒண்ணுதான் வழின்னு அரசியலமைப்பு சொல்லலை.

இதெல்லாம் கோடி ரூபாய்க் கதை. நம்ம கதைக்கு வாங்க, போஸ்ட்பெய்டு பில்லு.

பழைய தந்திச் சட்டத்துல 7பி-ன்னு ஒரு பிரிவு. தொலைபேசி பில் தகராறு வந்தா, மத்திய அரசு நியமிக்கிற நடுவர் தீர்ப்பார், அவர் சொன்னதே முடிவு. ஜமீன் மேல புகார்னா ஜமீன் வைக்கிற ஆள் கிட்டத்தான் போகணும்னு அர்த்தம். கோழிக்கோட்டில் பில் கட்டவில்லை என்று இணைப்பைத் துண்டித்த ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2009 செப்டம்பர் 1-ல், 7பி இருப்பதால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று தீர்ப்பானது. அந்த அமர்வில் மார்க்கண்டேய கட்ஜுவோடு இருந்தவர் அதே ஏ.கே.கங்குலி. 122 லைசென்ஸ்ல மக்களுக்காகப் பேசின அதே நீதிபதி, ஒரு பில்லுல மக்களோட வாசலை அடைச்சுட்டார்னு எனக்குத் தோணுது. அதுக்கப்புறம் பல வருஷம் நாடு முழுக்க போன் கம்பெனி வக்கீல்களுக்கு வேலை சுலபம். அந்த ஒரு தீர்ப்பை நீட்டுவாங்க.

அது மாறியது ஆமதாபாத்காரர் ஒருவரால். மாசம் சராசரியா 555 ரூபாய் பில் கட்டிட்டிருந்தவருக்கு 2013 கடைசியில் ஒரு மாசம் 24,609 ரூபாய் பில். அவர் மாவட்ட நுகர்வோர் மன்றம் போனார். கம்பெனி 2009 தீர்ப்பை நீட்டியது. மனுஷன் விடலை, கம்பெனியும் விடலை, உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2022 பிப்ரவரி 16-ல் டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, 2009 தீர்ப்பு சரியில்லை, நுகர்வோர் நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கு என்று சொன்னது. தொலைபேசி சேவையும் சேவைதான், தந்திச் சட்டத்துல ஒரு வழி இருக்குங்கிறதால நுகர்வோர் சட்டத்தோட வழி மூடிடாது. அதனால இப்போ ஊட்டியில இருக்கிற ஒருத்தர் சிம் கார்டு தகராறுக்கு முதல்ல கம்பெனியோட புகார் எண், அப்புறம் அவங்களோட மேல்முறையீட்டு அதிகாரி, அதுக்கு மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம்னு போகலாம். டிராய்க்கு எழுதினா உங்க தனிப்பட்ட புகாரைத் தீர்க்க மாட்டாங்க, கம்பெனிக்கு அனுப்பி வைப்பாங்க. டிடிசாட்டும் தனி நுகர்வோர் புகாருக்கான இடம் இல்ல. இந்தத் தகவலுக்காக மட்டும் இந்த எபிசோடை உங்க அம்மா அப்பாவுக்கு அனுப்பலாம்.

டிராய் நம்மளைக் கேக்குற ஒரு விஷயமும் இருக்கு. எந்த விதி கொண்டு வர்றதுக்கு முன்னாடியும் கலந்தாலோசனை அறிக்கை போடுவாங்க, யார் வேணா பதில் எழுதலாம். 2015 மார்ச்சில் அப்படி ஒண்ணு வந்தது. வாட்ஸ்அப், ஸ்கைப்புக்கெல்லாம் தனிக் கட்டுப்பாடு வேணுமான்னு. நான் அப்போ காலேஜ் முதல் வருஷம், ஹாஸ்டல்ல பாதிப் பேர் அந்த மெயிலை அனுப்பினோம். நாடு முழுக்க பத்து லட்சத்துக்கும் மேல போச்சு. 2016 பிப்ரவரி 8-ல், ஒரு சைட்டுக்கு ஒரு விலை, இன்னொரு சைட்டுக்கு இன்னொரு விலைன்னு டேட்டாவை விக்கக் கூடாதுன்னு டிராய் விதி போட்டது. வக்கீல் இல்லாதவங்க சட்டத்துல கை வச்சு எனக்குத் தெரிஞ்சு பலிச்ச ஒரு தருணம் அது.

கடைசியா, அந்த 1885 சட்டம். 138 வருஷத்துக்குப் பிறகு 2023 டிசம்பரில் அதுக்குப் பதிலா தொலைத்தொடர்புச் சட்டம் 2023 நிறைவேறியது. 2024 ஜூன் 26 முதல் படிப்படியா அமலுக்கு வருது. இன்டர்நெட்டை நிறுத்துற அதிகாரம், ஒட்டுக்கேக்குற அதிகாரம் எல்லாம் புதுச் சட்டத்துலயும் இருக்கு, அது தனி எபிசோட். நான் சட்டத்தை டவுன்லோட் பண்ணி முதல்ல தேடினது பிரிவு 4-ஐத்தான். தற்செயலோ என்னமோ, புதுச் சட்டத்துலயும் பிரிவு 4-தான் அலைக்கற்றை பத்தினது. மத்திய அரசு, மக்கள் சார்பில் அலைக்கற்றையின் உரிமையாளர் என்ற முறையில், அதை ஒதுக்கீடு செய்யும்னு இருக்கு.

"மக்கள் சார்பில்", "உரிமையாளர்". ரெண்டு சொல்லும் ஒரே வரியில. 1995 தீர்ப்போட மணமும் இருக்கு, 1885 ஜமீனோட மணமும் இருக்கு. எதிர்காலத்துல டெல்லி வக்கீல்கள் எந்தச் சொல்லைப் பிடிச்சு இழுப்பாங்கன்னு பார்க்கணும். பொதுவா ஏலம்தான், ஏலம் இல்லாம கொடுக்கிறதுக்குன்னு ஒரு அட்டவணை இருக்கு. அதுல ராணுவம், பேரிடர், வானிலை இதோட சமுதாய வானொலியும் இருக்கு. செய்திப் பூட்டு மட்டும் அப்படியே.

சில துண்டு நிலங்களை மட்டும் ஏலமும் இல்லாம லைசென்ஸும் இல்லாம நிஜமாவே மந்தைவெளியா விட்டிருக்காங்க. அதுல ஒண்ணு 2.4 கிகாஹெர்ட்ஸ். 2005 ஜனவரியில் ஒரு அரசிதழ் அறிவிப்பு, குறிப்பிட்ட சக்திக்குள்ள இருந்தா யாரும் யார் கிட்டயும் லைசென்ஸ் கேக்க வேண்டாம்னு. உங்க வைஃபை, ப்ளூடூத், ஏன், மைக்ரோவேவ் அவனோட கசிவு கூட அங்கதான் மேயுது. நீங்க இப்போ ப்ளூடூத் ஹெட்போன்ல கேட்டுட்டிருந்தீங்கன்னா, நான் உங்க காதுக்கு வர்றது அந்த வழியாத்தான். கேள்வி இருந்தா கமென்ட்ல போடுங்க, வக்கீல் நண்பர்கள் திருத்தம் சொன்னா சந்தோஷம். அடுத்த எபிசோட்ல இன்டர்நெட் முடக்கம் பத்திப் பேசலாம்.